தோளுக்குப் பொருந்தும் துவக்கு

துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலர் கையில் எடுத்துப் பாரம் பார்ப்பார்களாம். சிலர் மரத்தின் மினுக்கத்தைத் தடவிப் பார்ப்பார்களாம். நான் முதலில் பார்த்தது, உள்ளே இருக்கும் குண்டுகளை எடுத்து அதை வெறுமையாக்குவது எவ்வளவு சுலபம் என்பதை. எனக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். எங்கள் வீட்டில் கத்திகள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தன. மருந்துகள் அதற்கும் மேலே, அலுமாரியின் உச்சித் தட்டில் இருந்தன. அதற்கும் மேலே ஒன்றை வைக்க எங்களிடம் இடம் இருக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகள் வைத்த ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோம். என் கணவர் சென் லோரான் பக்கம் யன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே அவர் ஒருவர்தான் தமிழர். வேலையில் யாரும் அவரைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு மேசையிலும் மற்றவர்கள் இன்னொரு மேசையிலும் இருந்தார்கள். அது யாரும் போட்ட விதி அல்ல, அப்படியே அமைந்துவிட்டது. ஒரு கோடையில் அவரோடு ஒரே வரிசையில் நிற்கும் கியூபெக்காரர் ஒருவர், அவருடைய வயதுக்காரர், தன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். சில வாரங்களில் மற்றவர்களும் வந்தார்கள்.

பிறகு ஒரு நாள் என் கணவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"என்னையும் வரச் சொல்லிக் கேட்டவங்கள். இலை கொட்டுற காலத்திலை மான் வேட்டைக்கு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மனிசியைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான். எல்லாரும் சிரிச்சவங்கள்."

"ஏன் சிரிச்சவை?"

"எல்லாரும் முதல் தரம் அதைத்தானாம் சொல்லுறவை."

துவக்கைப் பற்றி எங்கள் இருவருக்கும் இருந்த அறிவு ஒரே மாதிரியானது. அது எப்போதும் மற்றவர்களுடைய கையில்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது, அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நிமிராமலே தெரிந்துகொள்ளப் பழகியிருந்தோம். அதை நாங்களே காசு கொடுத்து வாங்கி, பிள்ளை படுக்கும் வீட்டுக்குள் கொண்டுவருவதா? இரண்டு நாள் நான் அவரோடு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கதைத்தார்.

"நீர்தான் தெரிவு செய்யவேணும். வாங்கிறதோ இல்லையோ, எதை வாங்கிறது, எல்லாம். நீர் வேண்டாம் எண்டால் அதோடை விடுவம். பேந்து நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியமாட்டன்."

"எனக்கு என்ன தெரியும் துவக்கைப் பற்றி?"

"ஒரு சவர்க்காரம் வாங்கவே மூண்டு கடை ஏறி இறங்கிற ஆள் நீர். உம்மட கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் வீட்டுக்குள்ளை வராது."

அன்று எனக்கு அது ஒரு பாரமாகத்தான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஒருவர் முழுவதுமாக நம் கையில் தந்துவிட்டால், அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. இப்போது யோசித்தால், அந்த மனிதர் எனக்குத் தந்தவற்றுள் அதைவிடப் பெரியது அதிகம் இல்லை.

துவக்கு வைத்திருக்க உரிமம் வேண்டும். உரிமத்துக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு வகுப்பு. நானும் அதை எடுப்பேன் என்று சொன்னேன். மகளைக் கார்ட்டியர்வில்லில் இருந்த என் மச்சாளிடம், அதாவது கணவரின் அக்காவிடம், விட்டுவிட்டு இருவரும் போனோம். அந்த அறையில் சேலை கட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று கணவர் காதுக்குள் சொன்னார். ஆசிரியர் சொல்லித்தந்த முதலாவது விதி, துவக்கின் வாய் எங்கே பார்க்கிறது என்பதை ஒருபோதும் மறக்காதே என்பது. அந்தப் பாடத்தை நான் பத்து வயதிலேயே படித்திருந்தேன். முதன்முறையாக அது ஒரு பயன் உள்ள அறிவாகத் தோன்றியது. பரீட்சையில் கணவரைவிட எனக்கு மதிப்பெண் கூட. வகுப்பு முடிந்தபின் ஏதாவது சாப்பிடுவோம் என்று ஜான்-டலோன் சந்தைக்குப் போய், சோளப்பொத்தி தின்றுகொண்டு நின்றபோது அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு வேண்டியது செமி ஆட்டோமேட்டிக் வகை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த ஊருக்கு வந்த முதலாவது பனிக்காலத்திலேயே அவர் சறுக்கி விழுந்து வலது தோளெலும்பை உடைத்துக்கொண்டவர். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் பாரமான சட்டம் தூக்கினால் இன்றைக்கும் வலிக்கும். துவக்கு வெடிக்கும்போது பின்னால் உதைக்கும். சாதாரண வேட்டைத் துவக்கில் அந்த உதை முழுவதும் தோளுக்கு வரும். செமி ஆட்டோமேட்டிக்கில் வெடிவாயுவின் ஒரு பங்கு வெடித்த குண்டின் வெற்றுக் கோதை வெளியே எறிந்து அடுத்த குண்டை, அதாவது ரவையை, உள்ளே தள்ளுவதில் செலவாகிறது. அதனால் உதை சற்று மெதுவாக, தள்ளுவதுபோல வரும் என்று சாப்பாட்டு மேசைக்கு முதலில் வந்த அந்த நண்பர் சொல்லியிருந்தார்.

எனக்குப் பயம் வந்ததும் அதே இடத்தில்தான். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். வாயு எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் பயமும் கூடியது. சாதாரணத் துவக்கு ஒருதரம் வெடித்தால், மனிதக் கை ஒன்று பூட்டை இழுத்துத் தள்ளும்வரை அது இரும்பும் மரமும்தான். இது அப்படியல்ல. வெடித்த கணத்திலேயே மறுபடி தயாராகிவிடும். வெடித்துவிட்டதே, இனி ஒன்றுமில்லை என்று நினைக்க முடியாத ஒரு பொருள்.

நூலகத்தில் இருந்த வேட்டைப் புத்தகங்களை எடுத்து வந்து, மகள் மதியம் தூங்கும்போது வாசித்தேன். பிறகு நாங்கள் இருவரும் நகரத்தின் வடக்கே ஒரு கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்றவள் ஏறத்தாழ என் வயதுப் பெண். காசு வாங்கும் இடத்தின் பக்கத்தில் பிள்ளை வரைந்த ஒரு சூரியன் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மொழி வகுப்பில் பழகிய என் பிரெஞ்சுக்குத் துணிவு வந்தது.

கடைசி ரவை போனதும் பூட்டு திறந்தபடியே நிற்குமா என்று கேட்டேன். நல்லவை நிற்கும், நிற்காததை வாங்காதே என்றாள். திறந்து நின்றால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் அது வெறுமை என்று தெரியும். ரவைகளை அடுக்கும் மகசின் தனியாகக் கழன்று வருமா? வருவது நல்லது, ஆனால் மகசினைக் கழற்றினால் வெறுமை என்று நினைக்காதே, குழலுக்குள் ஒன்று இருக்கலாம், திறந்து கண்ணாலும் பார், விரலாலும் தொட்டுப் பார் என்றாள். வகுப்பிலும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். இவள் தன் சுண்டுவிரலை உள்ளே விட்டுக் காட்டினாள். இந்த வகைத் துவக்குக்கு ஐந்து ரவைக்கு மேல் பிடிக்கும் மகசினைச் சட்டம் விடாது என்பதையும், மானுக்கு ஐந்தே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

கழற்றித் துடைப்பது சுலபமா என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதை ஆண்கள் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் கழித்துத்தான் கேட்பார்களாம். வாயுவால் வேலை செய்கிறது என்றால் உள்ளே கரி படியும். கரி படிந்தால், அதிலும் குளிரில் எண்ணெய் தடித்துப்போனால், கோது பாதியில் சிக்கும். ஆகவே சமையலறை மேசையில் வைத்துத் தானே கழற்றிப் பூட்டக்கூடியதை வாங்கவேண்டும். கையால் பூட்டை இழுக்கும் சாதாரண வகையைவிட இது பாரம் கூட. நாள் முழுக்கக் காட்டில் சுமக்கவேண்டும் என்பதையும் நினைக்கவேண்டும். ரவை பக்கத்துக் கடையிலும் கிடைக்கும் சாதாரண அளவாக இருக்கவேண்டும். விசையைக் காக்கும் பொத்தான், தடித்த கையுறையோடும் தட்டுப்படவேண்டும்.

பிறகு அவள் ஒன்றை எடுத்து, திறந்து, வெறுமை என்று எங்கள் இருவருக்கும் காட்டிவிட்டு, கணவரிடம் கொடுத்தாள். கண்ணை மூடித் தோளில் வை, பிறகு கண்ணைத் திற என்றாள். குறி பார்க்கும் முள் கண்ணுக்கு நேரே வந்து நின்றால் சோங்கு உனக்கு அளவு. தோளில் அணைக்கும் அந்தக் கட்டையைத்தான் சோங்கு என்கிறோம். அவர் கண்ணைத் திறந்தார், கழுத்தை ஒரு மாதிரி வளைத்தார், மறுபடி வைத்தார். அவள் நீளம் கூடவா குறைவா என்று அளந்து பார்த்தாள். நீளம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றும் வாங்காதே, முதலில் நண்பருடையதைச் சுட்டுப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டாள். அன்றைக்கே விற்றிருக்கலாம். அவள் விற்காமல் விட்டதற்காக நான் இன்னும் நன்றியோடு நினைப்பதுண்டு.

அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும் மகளை மச்சாளிடம் விட்டுவிட்டு, நண்பருடைய வாகனத்தில் துவக்குப் பழகும் மைதானம் ஒன்றுக்குப் போனோம். வாகனம் ஓடும்போதே நண்பர் தங்கள் கூட்டத்தின் வழக்கத்தைச் சொன்னார். மைதானத்தில் நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு காகிதத் தட்டு வைப்பார்களாம். சோறு போடும் அளவுத் தட்டு. தொடர்ந்து ஐந்து வெடியும் தட்டில் விழாத ஒருவரை மானுக்குச் சுட விடமாட்டார்கள். காயப்பட்ட மிருகம் காட்டுக்குள் ஓடுவதை அவர்கள் யாரும் பார்க்க விரும்பவில்லை. நண்பருடைய மாமனாருக்கே ஒரு வருடம் அனுமதி இல்லாமல் போய், அவர் சமைப்பதற்கு மட்டும் போனாராம்.

எல்லோருக்கும் காதை மூடும் கவசம் தந்தார்கள். நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தரையில் கீறியிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். கணவர் நண்பரின் பழைய செமி ஆட்டோமேட்டிக்கைத் தோளில் வைத்தார். முதலாவது வெடிக்கு நான் ஓர் அடி பின்னால் போனேன். இரண்டாவதுக்கு அவர் தோள் துடித்தது. உதை குறைவுதான், ஆனாலும் அந்த எலும்புக்கு அதுவே போதுமாயிருந்தது. ஐந்தும் முடிந்து, எல்லாத் துவக்கும் திறந்து வைக்கப்பட்டபின் போய்ப் பார்த்தோம். தட்டில் ஒரு துளையும் இல்லை. பின்னால் இருந்த பலகையில், தட்டுக்கு இடப்பக்கமாக, ஐந்து துளைகள் ஒரு கைக்குட்டையால் மூடக்கூடிய இடத்துக்குள் இருந்தன. மறுபடி ஐந்து. மறுபடியும் இடப்பக்கம். நண்பர் தானே ஒருமுறை சுட்டுப் பார்த்தார். நடுத்தட்டு.

மூன்றாம் தடவை நான் பக்கவாட்டில் போய் நின்று அவரைப் பார்த்தேன். துவக்கைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்தேன். சோங்கு வலது தோளில் இருந்தது. முகம் மட்டும் மரத்துக்கு மேலால் சரிந்து மற்றப் பக்கத்துக்குப் போக முயன்றது. கடையில் கழுத்தை வளைத்தாரே, அதே வளைவு. வலக்கண்ணால் பார்க்கவேண்டிய முள்ளை அவர் இடக்கண்ணால் தேடினார்.

நூலகப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. சிலருக்குப் பழகிய கை ஒரு பக்கமும் குறி பார்க்கும் கண் மறுபக்கமும் இருக்கும் என்று. நான் அதை வாசித்திருந்தேன். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நண்பர் வருத்தத்தோடு, இந்த வருடம் சமையலுக்கு வா, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். கணவர் சிரித்துச் சமாளித்தார். மச்சாள் வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டு நண்பர் போனபின், கணவர் என்னிடம் மட்டும் சொன்னார்:

"பரவாயில்லை. கூப்பிட்டவங்கள்தானே. அது காணும்."

எனக்குள் ஒரு பெரிய நிம்மதி வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. காகிதத் தட்டே சொல்லிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டுக்குள் துவக்கு வராது, அவருக்கும் என்மேல் கோபம் வராது. ஆனால் அது காணும், அதுவே போதும், என்று அவர் சொன்ன விதமும் காதுக்குள் இருந்தது. அவர் எதையும் அப்படிச் சொல்பவர் அல்ல.

உள்ளே மகள் மேசையில் இருந்தாள். தட்டில் பாதிச் சோறு ஆறிப்போயிருந்தது. அவள் வலது கையால் ஒவ்வொரு பருக்கையாக எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தாள்.

"இண்டைக்கு முழுக்கச் சோத்துக்கையாலைதான் சாப்பிட்டவள்," என்றார் மச்சாள் பெருமையோடு. "மற்றக் கைக்கு மேலை இரு எண்டனான். இருக்கிறாள், பார்."

இது எங்கள் வீட்டில் பல மாதமாக நடந்துகொண்டிருந்த ஒன்று. மகளுக்கு எதை எடுத்தாலும் இடக்கை முன்னால் வரும். அவளைப் பகலில் பார்க்கும் கார்டரியில் ஆசிரியை, அப்படியே விடுங்கள் என்று சொல்லியிருந்தார். ஆனால் சோற்றில் இடக்கையா? கோயில் மண்டபத்தில் நாலு பேர் முன்னால்? நான் கார்டரியில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் இருந்தேன். கரண்டியை மாற்றிக் கொடுப்பேன், பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பேன், பிறகு மறுபடி மாற்றுவேன்.

"வடிவாச் சாப்பிடேல்லையே, அக்கா," என்றார் கணவர்.

"பழகுவாள். நீ பழகேல்லையே?"

"நானோ?"

"வேறை ஆர்? உன்னையும் நாங்கள்தானே திருத்தினது. பென்சில் எடுத்தாலும் இடக்கை, கல் எறிஞ்சாலும் இடக்கை. அம்மா ஒரு துண்டாலை கையைக் கட்டிவிட்டவ. ஒரு மாரி முழுக்கக் கட்டோடைதான் திரிஞ்சனி. இப்ப பார், என்ன வடிவான எழுத்து."

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை."

"எப்பிடி இருக்கும்? இவளின்ரை வயசு அப்ப."

அவர் தன் இடது கையை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறிய சோற்றைக் குழைத்து ஊட்டப் போனார். மகள் வாயைத் திறக்கவில்லை. தொடைக்குக் கீழே இருந்த கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எடுக்கலாமா என்று கேட்கும் பார்வை.

"எடு, குஞ்சு," என்றேன். பிறகு, எனக்கே தெரியாமல், கணவரிடமும் சொன்னேன்: "இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. அந்தச் சுவரிலை மாதா படத்தைப் பாருங்கோ. ரெண்டு கையையும் நேரை நீட்டுங்கோ."

"என்ன, செபமாலை தொடங்கப் போறியோ?" என்றார் மச்சாள்.

"ரெண்டு கையாலையும் சின்னதா ஒரு ஓட்டை விடுங்கோ. ஒரு கண்ணையும் மூடாமல் அதுக்குள்ளாலை மாதாவைப் பாருங்கோ. இப்ப மாதாவை விடாமல் கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வாங்கோ."

கைகள் நேரே இடக்கண்ணுக்குப் போயின. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் இடக்கண். கதிரையிலிருந்து இறங்கி வந்து மகளும் செய்தாள். அவளுக்கும் இடம். மச்சாள் யாருக்கும் தெரியாது என்று நினைத்துத் தானும் செய்து பார்த்தார். அவருக்கு வலம்.

நான் சொன்னேன்: "நீங்கள் வலத்தோளிலை வைச்சு இடக்கண்ணாலை பாத்தனீங்கள். அதுதான் எல்லா வெடியும் இடப்பக்கம் போனது. கை நடுங்கேல்லை. அஞ்சும் ஒரே இடத்திலை கிடந்ததைப் பாத்தனீங்கள்தானே."

மச்சாள் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப இவன்ரை கண் மட்டும் திருந்தேல்லையோ?"

கணவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கு இது அங்கையே தெரியுமோ?"

"சந்தேகமாயிருந்தது."

"பேசாமல் விட்டிருந்தால் உமக்கு நிம்மதி எல்லே."

"ஓம்."

"அப்ப ஏன் சொன்னனீர்?"

மகள் இடது கையால் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் அவள் கையை மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி மைதானத்துக்குப் போனோம். இடது தோளில் வைக்க அவர் முதலில் கூச்சப்பட்டார், ஏதோ பிழை செய்பவர்போல. விசையை எந்த விரலால் தொடுவது என்றே தடுமாறினார். ஒரு பெட்டி ரவை முடியும்போது தட்டில் துளைகள் விழுந்தன. அடுத்த பெட்டியில் ஐந்தும் தட்டுக்குள். தோள் வலிக்கவும் இல்லை, ஏனென்றால் உடைந்தது மற்றத் தோள். நண்பர் அந்தத் தட்டை மடித்துத் தன் மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டார், மற்றவர்களுக்குக் காட்ட.

இனி எனக்குப் புதிய கவலை. வலத்தோள் வலிக்குமென்றுதானே செமி ஆட்டோமேட்டிக் என்று தொடங்கினோம். இப்போது அந்தக் காரணம் போய்விட்டதே. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்கும் சாதாரணத் துவக்கை வாங்கலாமே, எனக்கும் பயம் குறையுமே. கடைக்காரியிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். அவள் ஒரு சாதாரணத் துவக்கை எடுத்து அவர் இடத்தோளில் வைக்கச் சொன்னாள். இழுக்கும் பிடி வலப்பக்கம் இருந்தது. இடக்கைக்காரர் ஒவ்வொரு தடவையும் துவக்கின் மேலால் கையைக் கொண்டுபோக வேண்டும், முகத்தை எடுக்கவேண்டும், குறியை விடவேண்டும். அப்படிப் போகும்போதுதான் வாய் அங்கும் இங்கும் அலையும் என்றாள். இடக்கைக்கென்றே செய்ததும் இருக்கிறது, ஆனால் எங்களுக்கு வேண்டிய ரவை அளவில் அவளிடம் இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் கை ஒன்றும் செய்ய வேண்டாம். எதற்குப் பயந்தேனோ அதுவே அவருக்குப் பொருந்தி வந்தது.

ஆனால் அதுவும் வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டதுதான். சூடான கோதுகள் வலப்பக்கம் பறக்கும். இடத்தோளில் வைத்தவரின் முகத்துக்கு முன்னால் அவை போகும். ஆகவே கோதை எந்தக் கோணத்தில் எறிகிறது என்பதைப் பார்த்தோம். முன்பக்கம் சாய்த்து எறிவதைத் தெரிவு செய்தோம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடுவதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். காவல் பொத்தானை இடக்கை விரலுக்கு ஏற்றபடி மாற்றித் தரமுடியும் என்று கடைக்காரி சொன்னாள், அங்கிருந்த திருத்துநரிடம் கொடுத்து மாற்றியும் தந்தாள். சோங்கு நீளம் கூடவா என்று தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டு அளந்து பார்த்தோம், ஏனென்றால் வேட்டைக்குப் போவது கோடைச் சட்டையில் அல்ல. மூன்றைப் பார்த்து, பாரம் குறைந்ததும் கழற்றச் சுலபமானதுமான ஒன்றை எடுத்தோம். அது அழகாக இருக்கவில்லை. மற்ற இரண்டும் அழகாக இருந்தன.

இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரோடு ஆணி அடித்துப் பொருத்தினோம். விசைக்கு ஒரு பூட்டு. ரவைகளுக்கு வேறு அறையில் வேறு பெட்டி. இரண்டு பேருக்கும் உரிமம் இருந்ததால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்தோம். துவக்குப் பெட்டியின் சாவி என்னிடம், ரவைப் பெட்டியின் சாவி அவரிடம். ஒருவர் தனியே அதை நிரப்ப முடியாது. என் சாவியைச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். அப்படியும் எழும்பிப் போய்ப் பெட்டியை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. அவர் ஒருநாளும் அதற்காக என்னைப் பகிடி பண்ணியதில்லை. சில நாட்களில், "பாத்திட்டன், பூட்டிக் கிடக்கு," என்று நான் கேட்குமுன்பே சொல்லுவார்.

இலை கொட்டும் காலத்தில் போய், சவரம் செய்யாத முகத்தோடு திரும்பி வந்தார். ஒரு மான், ஒரு வெடி. இரண்டாவது ரவை தயாராக இருந்ததாம், தேவைப்படவில்லை. தன் பங்கு இறைச்சியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்தும் கொஞ்சம் வைத்திருந்தார்கள், பிள்ளைக்கு என்று சொல்லி. முதலில் துவக்கைத் திறந்து எனக்குக் காட்டினார். நான் கண்ணாலும் பார்த்தேன், சுண்டுவிரலாலும் பார்த்தேன். பிறகுதான் அவரைக் குளிக்கப் போகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சாளைச் சாப்பிடக் கூப்பிட்டோம். இறைச்சி ஆட்டைப்போல இருக்காது, கொழுப்புக் குறைவு என்று நண்பர் எச்சரித்திருந்தார். நான் அதை அதிக நேரம் மெல்லிய நெருப்பில் விட்டு, எங்கள் தூளைப் போட்டுப் பிரட்டினேன். மச்சாள் முதல் வாய் வைத்துவிட்டு, இரண்டாவது வாய்க்குப் போனார்.

மகள் எதிரே இருந்தாள். இடது கையால் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டாள். விரல் எல்லாம் கறி. இடையில் தண்ணீருக்குக் கையை நீட்டினாள். கோப்பை தட்டுக்கு வலப்பக்கம் இருந்தது. இடக்கையை மேசைக்குக் குறுக்கே கொண்டுபோனாள், சட்டைக் கை கறிக்குள் விழப் பார்த்தது. நான் எழும்புவதற்குள் மச்சாள் கோப்பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கறிக்கு உப்புக் காணாது," என்றார்.

உப்பை எடுத்துக் கொடுத்தேன்.